பந்தல் ஸ்தனிஸ்லாஸின் முகம் இறுகிய கதை

கை நனைக்காமல் போய்விட்டார்கள். ஸ்தனிஸ்லாஸுக்கு ஏறிய கோபம் எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால் முதலில் இதைத்தான் சொல்ல வேண்டும். அடுப்படியில் ஆட்டுக்கறி வெந்து இறக்கியாகிவிட்டது. கூடத்தில் இலை போட்டுத் தண்ணீரும் தெளித்தாகிவிட்டது. எடமலைப்பட்டி புதூரிலிருந்து விருந்துக்கு வந்த மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேரும் அந்த இலைகளைத் தாண்டி நடந்து, செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து பாலக்கரை முழுக்க வீட்டில் இருந்த நேரம். ஒரு சன்னல் பாக்கியில்லாமல் திறந்துகொண்டது.

"வாங்கன்னு ஒரு வார்த்தை வரலியே அந்த வாயிலேருந்து!" என்று மாப்பிள்ளையின் அத்தை திரேசம்மாள் தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். "கோயில் சுரூபம் மாதிரி நின்னாரு மனுசன். சுரூபமாவது கொஞ்சம் சிரிச்ச முகமா இருக்கும்!"

"நான் சொன்னேன்! ஆளாளுக்குச் சொன்னேன்!" என்று ஸ்தனிஸ்லாஸ் கத்தினார். கத்தியதாகத்தான் அவர் நினைத்தார். பக்கத்தில் நின்ற மனைவி இருதயமேரிக்கே அது முணுமுணுப்பாகத்தான் கேட்டது.

இப்படி ஒரு அவமானம் யாருக்கு வந்தது என்று பாருங்கள். பந்தல் ஸ்தனிஸ்லாஸ் என்றால் லேசுப்பட்ட ஆளா? தொட்டியத்தில் வாழைத் தோட்டக் கூலிக்குப் பிறந்து, இரண்டாங் கிளாஸோடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டு, வாழைத்தார் வண்டியின் மேல் படுத்துக்கொண்டு திருச்சிக்கு வந்தவர். யாரோ ஒரு பந்தல்காரனுக்குச் சவுக்குக் கழி சுமந்தார். பிறகு அந்தப் பந்தல்காரனே இவரிடம் வேலை கேட்டு வந்தான். சேர்ந்தாற்போல் முப்பது வருஷம், மலைக்கோட்டையைச் சுற்றி அவர் பந்தலுக்குக் கீழே தாலி கட்டாத பெரிய மனிதன் எவன்? ஐம்பத்திரண்டாம் வருஷப் புயலில் ஊரெல்லாம் ஓடு பறந்தது. அவர் கட்டிய பந்தல் மட்டும் மறுநாள் காலையில் கீற்றுக் கலையாமல் நின்றது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம், பந்தலுக்கு அதனால் நஷ்டமில்லை.

அவருடைய சொத்து கழியும் கீற்றும் இல்லை, குரல். கீழே நின்று "இழுடா!" என்றால் உச்சியில் இருப்பவன் கை தானாக இழுக்கும். படித்தவர்கள் யாராவது குறுக்கே யோசனை சொன்னால், "நீங்க படிச்சீங்க, நான் கட்டுனேன். பந்தலுக்கு அடியில நிக்கிறவங்க யாருன்னு பாருங்க" என்பார். திமிர் பிடித்தவர் என்று பேர். பேர் ஒன்றும் பொய்யில்லை. உழைத்துச் சம்பாதித்த திமிர்.

அந்தப் பேர்தான் இப்போது காலை வாரியது. முகம் இறுகிப் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஊரில் ஒருவனாவது "உடம்புக்கு என்ன?" என்று கேட்டானா? இல்லை. "காசு ஏற ஏற மனுசன் சிரிக்கிறதையே விட்டுட்டான்" என்றார்கள்.

தொடக்கம் இடது கையில். சும்மா உட்கார்ந்திருந்தால் கட்டை விரலும் ஆட்காட்டி விரலும் ஒன்றோடொன்று உரசி எதையோ உருட்டும். வேலையில் கை வைத்தால் நின்றுவிடும். கோயிலில் பின்வரிசைப் பெண்கள் அதைப் பார்த்து, ஸ்தனிஸ்லாஸ் திருந்திவிட்டார், எந்நேரமும் ஜெபமாலை சொல்கிறார் என்று இருதயமேரியிடம் சந்தோஷப்பட்டார்கள். அவள் பங்குக்கு ஒரு மெழுகுவத்தியும் ஏற்றிவிட்டு வந்தாள். ஆரம்ப காலத்திலிருந்து கூடவே இருக்கும் மேஸ்திரி தாஜுதீன் மட்டும் ஒரு நாள் கேட்டார்.

"என்னண்ணே, எங்க ஆளுங்க மாதிரி தஸ்பீஹ் மணி உருட்டுறீங்க? சொல்லிட்டுச் செய்யுங்க, தொப்பி வாங்கியாறேன்."

"போ பாய். சும்மா இருந்தா என் கைக்கே பொறுக்கல. உன் கை மாதிரியா?"

அதோடு அது முடிந்தது. பிறகு கழி மேல் இருந்த ஆட்களுக்கு அவர் சொல்வது கேட்கவில்லை. கேட்காத குற்றம் யாருடையது? ஆட்களுடையதுதான். "எல்லாப் பயலுக்கும் காது அடைச்சுப் போச்சு" என்று நல்லெண்ணெய் காய்ச்சி வரச் செய்து, வரிசையாக உட்காரவைத்துக் காதில் விடச் சொன்னார். விட்டுக்கொண்டார்கள். என்ன செய்வது, முதலாளி. பச்சைக் கீற்றின் வாசனை அவருக்கு எட்டவில்லை. கீற்றுக்காரன் காய்ந்த சரக்கைத் தள்ளுகிறான் என்று சண்டை பிடித்தார். கருவாட்டுக் குழம்பில் கருவாடு மணக்கவில்லை என்று தட்டை நகர்த்தி வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு போட்ட முடிச்சு விரலுக்குள் வழுக்கியது. அதற்குக் கயிற்றைத் திட்டினார். வைத்தியர் வாதம் என்று எண்ணெய் கொடுத்தார். ஊசி போடுகிற டாக்டர் ஒருவர் வயசு என்றார். எதிர்வீட்டுக்காரி செய்வினை என்றாள். மூவரையும் அவர் ஒரே வார்த்தையால் திட்டினார். அந்த வார்த்தை இங்கே வேண்டாம்.

சரி, அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். வெறும் இலைகளுக்கு நடுவே அவர் நின்றுகொண்டிருந்தார். மகள் பரிபூரணம் தண்ணீர்ச் செம்போடு வந்தாள்.

"அப்பா, நான் ஒண்ணு சொன்னா திட்டக்கூடாது. நீங்க வாங்கன்னு சொன்னீங்களோ என்னவோ, உங்க மூஞ்சியில அது இல்ல. ரொம்ப நாளாவே இல்ல. எம்மேல ஏதோ கோவம்னு நெனச்சு நானே பயந்துகிட்டுத்தான் இருக்கேன்."

"உம்மேலயா?" என்றார் அவர். முகம் சுவராக நின்றது. அவள் அந்தச் சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சாயங்காலம் சம்பந்தி பாக்கியநாதனிடமிருந்து ஆள் வந்தது. பாக்கியநாதன் பொன்மலை ரயில்வே பட்டறையில் சார்ஜ்மேன். அவரும் லேசில் வளைகிற ஆள் இல்லை. அவர் மகன் விக்டருக்கும் பரிபூரணத்துக்கும் கோயிலில் இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது. எங்கள் வேதக்காரர் வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: மூன்று ஞாயிறு பூசையில் சாமியார் மாப்பிள்ளை பெண் பேரை வாசித்து, இந்தக் கல்யாணத்துக்குத் தடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று சபையைக் கேட்பார். மூன்றும் வாசித்தால் கல்யாணம். இரண்டோடு நின்றால், ஏன் நின்றது என்று ஊர் ஆயிரம் காரணம் கட்டும். எல்லாக் காரணமும் பெண் தலையில்தான் இறங்கும்.

வந்தவன் சொன்னது இதுதான். "அடுத்த ஞாயித்துக்கிழமைக்குள்ள அவரே நேர்ல வரணுமாம். முகம் குடுத்து, சிரிச்ச முகமா, வாங்கன்னு ஒரு வார்த்தை கூப்பிடணுமாம். இல்லேன்னா மூணாவது ஓலைய நிறுத்தச் சொல்லிடுவாங்களாம்."

நகை கேட்டிருந்தால் போட்டிருப்பார். நிலம் கேட்டிருந்தால் எழுதியிருப்பார். கேட்டது ஒரு சிரிப்பு. அறைக்கதவைச் சாத்திக்கொண்டு சவரக் கண்ணாடியில் சிரித்துப் பார்த்தார். உதடு ஒரு பக்கம் மட்டும் இழுத்துக்கொண்டது. பல் பிடுங்க வந்தவன் முகம். மறுபடி பார்த்தார். கண்ணாடியைத் தூக்கிச் சுவரில் அடித்தார். அந்தக் கோபமும் கண்ணாடித் துண்டுகளில் தெரியவில்லை.

மறுநாள் ஸ்ரீரங்கத்தில் வேலை. சித்திரை வீதியில் ஸ்ரீரங்கராஜன் என்ற டாக்டர், மதராஸ் ஆஸ்பத்திரியில் நரம்பு வியாதி பார்த்து ஓய்வு பெற்றவர். பேரனுக்குப் பூணூல். ஸ்தனிஸ்லாஸ் கீழே நிற்க, தாஜுதீன் மேலே நிற்க, பந்தல் ஏறிக்கொண்டிருந்தது. டாக்டர் காப்பி டம்ளரோடு பந்தலைப் பார்க்காமல் பந்தல்காரரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஸ்தனிஸ்லாஸ், அந்தத் தேர்முட்டிப் பக்கம் கொஞ்சம் நடந்து திரும்பி வாங்கோ."

"எதுக்குங்க?"

"நடந்துட்டு வாங்கோ, சொல்றேன்."

போனார், வந்தார். டாக்டர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"வலது கை வீசறது. இடது கை மாட்டி வெச்ச கை மாதிரி தொங்கறது. அடி சின்னச் சின்னதா விழறது. திரும்பறதுக்கு நாலு அடி வேண்டியிருக்கு. கண்ணைச் சிமிட்டறதே இல்லை. வாசனை தெரியறதோ?"

"என் ஆளுங்க முன்னாடி வெச்சு என்னைய நோயாளிங்கிறீங்களா? பந்தல் கட்ட வந்தனா, உங்ககிட்ட மருந்து வாங்க வந்தனா?"

"பாத்தேளா, உங்களுக்கு இப்போ நல்ல கோவம். வார்த்தையில இருக்கு. மூஞ்சியில பொட்டுக்கூட இல்லை. அதுதான் வியாதி."

மேலே இருந்த தாஜுதீன் கயிற்றை விட்டுவிட்டுக் கீழே இறங்கிவிட்டார். இரண்டு வருஷத்தில் தன் கோபத்தைக் கண்டுபிடித்த முதல் ஆள் இந்த மனிதர்தான் என்பது ஸ்தனிஸ்லாஸுக்கு உறைத்தது. அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

டாக்டர் உள்ளே கூட்டிப்போய் விவரம் சொன்னார். வியாதியின் பேர் பார்க்கின்சன். கண்டு எழுதிய வெள்ளைக்கார வைத்தியர் பேராம். மூளையின் அடியில் ஒரு சின்னக் கருப்புத் திட்டு இருக்கிறது, அதில் உள்ள அணுக்கள் மெல்ல மெல்லச் சாகின்றன. அதனால்தான் சும்மா இருக்கும் கை ஆடுகிறது, தசை இறுகுகிறது, நடை குறுகுகிறது, குரல் உள்ளே போகிறது.

"ரத்தத்துல தெரியுமா?"

"தெரியாது. எக்ஸ்ரேயிலயும் தெரியாது. பாத்து, தொட்டு, கேட்டுத்தான் சொல்லணும்."

"குணமாகுமா?"

"ஆகாதுன்னு சொல்லத்தான் வேண்டியிருக்கு. ஆர்ட்டேன்னு ஒரு மாத்திரை எழுதறேன். நடுக்கம் கொஞ்சம் அடங்கும். வாய் உலரும், ஞாபகம் சித்த பிசகும். சில பேருக்கு மண்டையில ஓட்டை போட்டு ஆபரேஷன் பண்ணிப் பாக்கறா, உங்களுக்கு அது இப்போ வேண்டாம். வெளி தேசத்துல இந்த வியாதியில போனவா மூளையைப் பரிசோதிச்சுருக்கா. அங்க இருக்க வேண்டிய ஒரு சரக்கு வத்திப் போயிருக்கு. அதை உண்டுபண்ற மருந்தை ஊசியில ஏத்தி, படுத்துக் கிடந்தவா எழுந்து நடந்தான்னு ரெண்டு வருஷம் முன்னாடி எழுதியிருக்கா. இன்னும் தீர்மானமாகலை. பத்து வருஷத்துல நம்மூருக்கு வரலாம்."

"பத்து வருஷம் கழிச்சு வர்றது வரட்டுங்க. எனக்கு ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒரு சிரிப்பு வேணும்."

"அது எங்கிட்ட இல்லையே. ஒண்ணு சொல்றேன் கேளுங்கோ. இனிமே எதுவும் உங்களுக்குத் தானா வராது. கையை வீசணும்னு நினைச்சு வீசணும். பேசறச்சே கத்தறோம்னு நினைச்சுண்டு பேசணும், அப்பத்தான் பேச்சா வெளியில விழும்."

கிளம்பும்போது ஸ்தனிஸ்லாஸ் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "எம் பொண்ணுக்கு வருமா?"

"தொத்து வியாதி இல்லை. பெரும்பாலும் குடும்பத்துலயும் தொடராது. ஆனா வரவே வராதுன்னு சத்தியம் பண்ண என்னால முடியாது."

பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியதும் தாஜுதீன் ஆரம்பித்தார். "நல்லதாப் போச்சுண்ணே. நேரா போய் வியாதின்னு சொல்லிடுங்க. அதோட வம்பு தீந்துது."

"யோவ் பாய், யோசிச்சுப் பேசு. திமிர் புடிச்சவன் பொண்ணுன்னு ஓலை நின்னா நாளைக்கு வேற ஒருத்தன் வருவான். வியாதிக்காரன் பொண்ணுன்னு நின்னா எவன் வருவான்?"

"அப்ப போய் மொறைச்சுக்கிட்டே கூப்பிடப் போறீங்களா?"

"வாய மூடிக்கிட்டு வா."

வீட்டிலும் அதுவே உத்தரவு. மாத்திரை டப்பா அரிசிப் பானைக்குள் போனது. இருதயமேரி அழுதாள். "ஊரு உங்களத் திட்டுதுங்க, என்னால கேக்க முடியல" என்றாள். "திட்டட்டும். திட்டுறவன் சோறா எனக்கு வருது?" என்றார். வெள்ளிக்கிழமை வரை மாத்திரை தின்றதில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டதுதான் மிச்சம். சிரிப்பு வரவில்லை.

சனிக்கிழமை தாஜுதீனைக் கூட்டிக்கொண்டு எடமலைப்பட்டி புதூர் போனார். வீட்டு வாசலில் திரேசம்மாள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கூடத்து நாற்காலியில் பாக்கியநாதன். விக்டர் சுவரோரமாக. ஒருவர் வாயிலிருந்தும் "வாங்க" வரவில்லை. வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கொடுக்கிறார்களாம்! பந்தல் ஸ்தனிஸ்லாஸ் நின்றுகொண்டே பேசினார்.

"கல்யாணத்துக்கு எல்லாரும் வாங்க."

"என்னமோ கொசு பறந்த மாதிரி இருந்துச்சே?" என்றாள் திரேசம்மாள். "அண்ணே, உனக்கு ஏதாவது கேட்டுச்சா? பாரு அந்த மூஞ்சிய. கூப்பிட வந்த மூஞ்சியா அது? கடன் வசூலுக்கு வந்த மாதிரி."

"அத்தை, கொஞ்சம் சும்மா இருங்க" என்றான் விக்டர்.

"நீ சும்மா இரு. கட்டுறதுக்கு முன்னாடியே மாமனாருக்குப் பரிஞ்சுகிட்டு!"

பாக்கியநாதன் எழுந்தார். "பாருங்க, நானும் தன்மானத்துல குறைஞ்சவன் இல்ல. கூப்பிட மனசில்லாதவர் வீட்டுல நான் சம்பந்தம் வெச்சுக்க மாட்டேன். நீங்க போகலாம்." சொல்லிக்கொண்டே ஸ்தனிஸ்லாஸின் இடது முழங்கையைப் பிடித்து வாசல் பக்கம் திருப்பினார்.

திருப்பியவர் நின்றுவிட்டார். கையை விடவில்லை. முழங்கையை மெல்ல மடக்கினார், நீட்டினார், மறுபடி மடக்கினார்.

"என்ன இது? உள்ள பல்சக்கரம் மாதிரி விட்டு விட்டுப் பிடிக்குது?"

"கைய விடுங்க."

"இருங்க." வலது கையைப் பிடித்து மடக்கிப் பார்த்தார். அது வழவழவென்று போனது. வாழ்நாளெல்லாம் இஞ்சினைத் தொட்டுப் பழகிய கை அல்லவா, ஏமாறவில்லை. "திமிரா இருந்தா ரெண்டு கையிலயும் இருக்கணுமே. ஒரு கையில மட்டும் எப்படி? என்னங்க உங்களுக்கு?"

தாஜுதீன் வாயைத் திறந்தார். ஸ்தனிஸ்லாஸ் அவரைத் தடுத்தார். ஒளிக்கிறவரைக்கும் ஒளிக்கலாம், கையும் களவுமாகப் பிடிபட்ட பிறகு புளுகுவதற்கு வேறு ஆளைப் பார்க்க வேண்டும். டாக்டர் சொன்னதெல்லாம் ஞாபகம் வந்தது. கத்துகிறோம் என்று நினைத்துக்கொண்டு பேசினார்.

"பார்க்கின்சன்னு ஒரு வியாதி. குணமாகாது. என் மூஞ்சி செத்துப் போச்சு, குரல் பாதி செத்துப் போச்சு. மனசு சாகல. நீங்க வந்த அன்னிக்கு ஆளாளுக்கு வாங்கன்னு சொன்னேன். உங்களுக்குக் கேக்கல. கறி ஆக்கி இலை போட்டவன் எதுக்கய்யா போட்டேன்? உங்களை மொறைக்கவா?"

திரேசம்மாள்தான் முதலில் தேறினாள். "அப்ப வியாதிக் குடும்பமா? பொண்ணுக்கும் வருமா?"

"வராதுன்னுதான் பெரும்பாலும் சொல்றாங்க. சத்தியம் பண்ண மாட்டேன்னுட்டாரு டாக்டர். நானும் பண்ண மாட்டேன். உங்க வீட்டுல எல்லாரும் சாகாவரம் வாங்கிட்டு வந்திருந்தா ஓலைய நிறுத்துங்க. ஆனா என் பொண்ணுக்குக் குறைன்னு எவனாவது சொன்னான்னா, இந்த ஆடுற கையே போதும் எனக்கு!"

நிஜமாகவே கை ஆடியது. முகம் அப்படியே இருந்தது. ஆனால் அந்த வீட்டில் அதற்குப் பிறகு யாரும் முகத்தைப் பார்க்கவில்லை.

"நான் அவர் பொண்ணத்தான் கட்டிக்கப் போறேன். அவரு மூஞ்சியையா?" என்றான் விக்டர்.

"வாயப் பாரு" என்றார் பாக்கியநாதன். அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காருங்க. ஏன் நிக்கிறீங்க? நான் சாமியார்கிட்ட போகல. நாளைக்கு ஓலை வாசிக்கட்டும்." கொஞ்சம் தயங்கி, "ஒண்ணு மட்டும். கல்யாணத்தன்னிக்கு வாசல்ல உங்க மச்சான் யாரையாவது நிக்கச் சொல்லுங்க. எங்க சனம் நெறைய வரும். எல்லாருக்கும் இத விளக்கிக்கிட்டு இருக்க முடியுமா?"

நல்ல மனதோடு சொன்ன யோசனைதான். ஸ்தனிஸ்லாஸுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது.

"ஊருக்கெல்லாம் பந்தல் போட்டவன் நான். எம் பொண்ணு பந்தல் வாசல்ல இன்னொருத்தன் நிப்பானா? நான்தான் நிப்பேன். எவனுக்கும் விளக்க வேணாம். மூஞ்சி புடிக்காதவன் கொல்லப்பக்கமா வரட்டும்."

மூன்றாவது ஓலை வாசித்தார்கள். தடை என்று யாரும் எழவில்லை.

கல்யாணப் பந்தலைத் தாஜுதீன் கட்டினார். ஸ்தனிஸ்லாஸ் வாசலில் நின்றார். சந்தனக் கிண்ணம் பிடித்தால் கொட்டும், அதனால் அதை இருதயமேரி பிடித்துக்கொண்டாள். வந்தவர்களில் பாதிப் பேர் உள்ளே போய், "இன்னிக்குக்கூடப் பாரு, அந்த இறுமாப்பு போகல" என்று பேசிக்கொண்டார்கள். அவர் காதிலும் விழுந்தது. இரண்டு குடும்பத்தைத் தவிர யாருக்கும் விஷயம் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. பரிதாபப்பட்டுக் கொடுக்கிற மரியாதை அவருக்கு வேண்டியதில்லை.

மாப்பிள்ளை வீட்டுக் கூட்டத்தின் கடைசியில் திரேசம்மாள் வந்தாள். எல்லாரும் உள்ளே போன பிறகும் அவள் வாசலைத் தாண்டவில்லை. அவருக்கு நேரே நின்று, புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு காத்திருந்தாள். தெரிந்துகொண்டே காத்திருந்தாள்.

"வாங்க."

"காதுல விழல."

இன்னும் மூச்சை இழுத்து, "வாங்க" என்றார்.

"ம்?"

ஸ்தனிஸ்லாஸ் இரண்டு காலையும் அகட்டி ஊன்றினார். சவுக்குக் கழியின் உச்சியில் ஒரு சோம்பேறிப் பயல் கயிற்றை விட்டுவிட்டு வெற்றிலை போடுகிறான் என்று நினைத்துக்கொண்டார். மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு வந்த நாட்டியக் குதிரைக்காரன் மேளத்தை நிறுத்தினான். சந்தனக் கிண்ணம் இருதயமேரி கையிலேயே குலுங்கியது. அந்தக் குரல் பாலக்கரை ரோட்டைத் தாண்டிப் போயிற்று.

"வாங்க!"

"விழுந்துச்சு, விழுந்துச்சு!" என்று திரேசம்மாள் காதைப் பொத்திக்கொண்டு உள்ளே நடந்தாள். "அதுக்காக இப்படியா கத்துவாரு மனுசன்? மட்டு மரியாதை தெரியாத குடும்பம்."